பச்சை இலைச் சம்பலும் கழுவும் தண்ணீரும்

கீரையைச் சமைக்காமல் உண்பது நமக்குப் புதிய பழக்கமன்று. நகரத்துக் கடைகளில் 'சலாது இலை' என்று விற்கப்படுவது நுவரெலியா, வெலிமடைப் பக்கத்துக் குளிரில் நன்கு வளர்வது. நமது வெயிலில் அது விரைவில் பூந்தண்டு விட்டுக் கசந்துபோகும். அதற்காக ஏங்கவேண்டியதில்லை. கிணற்றடியில் படரும் வல்லாரையே நமது சலாது.

ஆனால் அது எந்தக் கிணற்றடியில் படர்ந்தது என்பதே கேள்வி. இடம்பெயர்ந்து பல குடும்பங்கள் நெருக்கமாக வாழும் இடங்களில், குளித்த நீரும் பிள்ளைகளின் துணி கழுவிய நீரும் ஓடும் வாய்க்காலில்தான் வல்லாரை மிகச் செழிப்பாக நிற்கும். மலசலகூடத்திலிருந்து கசிவு வரும் பள்ளத்திலும் அப்படியே. அந்தச் செழிப்பைக் கண்டு ஏமாறாதீர்கள். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகளும் புழு முட்டைகளும் அந்த இலையில் ஒட்டியிருக்கலாம். அத்தகைய இடத்து இலையைப் பச்சையாக உண்ணவே வேண்டாம். நல்ல இடத்திலிருந்து நான்கு வேரைப் பிடுங்கி, பழைய வாளியிலோ உடைந்த பானையிலோ நட்டு, நல்ல நீர் ஊற்றி வளர்ப்பது மேல்.

சந்தையில் வாங்கினால் மஞ்சள் படியாத, தண்டு ஒடித்தால் சட்டென முறியும் பிடியைத் தெரிவுசெய்யுங்கள். பூச்சி கடித்த ஓரிரு ஓட்டைகளால் கெடுதி இல்லை. அழுகிய மணம் இருந்தால் வாங்காதீர்கள்.

வீட்டில் பறிப்பவர்கள் விடியற்காலையில் பறியுங்கள். மாலைவரை வைப்பதானால் கழுவாமல், வாழையிலையில் சுற்றி, ஈரச்சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். ஈரம் சாக்கில் இருக்கட்டும், இலையில் வேண்டாம். பொலித்தீன் பையில் கட்டி வைத்தால் வெக்கையில் வேர்த்து அழுகிவிடும்.

கழுவும்போது வேரை வெட்டி, இலைகளைப் பிரித்து, இரண்டு மூன்று தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். கடைசித் தண்ணீர் கொதித்தாறியதாக இருக்கவேண்டும். விறகு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை நாம் அறிவோம். தேநீருக்கு நீர் வைக்கும்போதே இரண்டு செம்பு கூட வைத்து, குமிழ் விட்டு ஒரு நிமிடம் கொதித்தபின் மூடி ஆறவிடலாம். உப்புநீர் மண்ணையும் பூச்சியையும் கழற்றும், கிருமியைக் கொல்லாது. தேசிக்காய்ப் புளியையும் நம்பவேண்டாம்.

கழுவியபின்பே அரியுங்கள். அரிந்துவிட்டுக் கழுவினால் சத்து நீரோடு போய்விடும். கையும் கத்தியும் பலகையும் சுத்தமாக இருக்கட்டும். தேங்காய்ப்பூ, சின்னவெங்காயம், பச்சைமிளகாய் சேர்த்து, உப்பையும் புளியையும் உண்ணும் நேரத்தில் விடுங்கள். முன்பே விட்டால் இலை துவண்டு நீர் விடும். இலையிலுள்ள விற்றமின் ஏ சத்து உடலில் சேரத் தேங்காயின் கொழுப்பு உதவும். எஞ்சியதை இரவுக்கு வைக்காதீர்கள்.

எவ்வளவு கழுவினாலும் ஆபத்து குறையுமே தவிர முற்றாக நீங்காது. ஆகவே கைக்குழந்தைகளுக்கும், வெள்ளம் வந்த நாட்களிலும், அயலில் வயிற்றோட்டம் பரவும்போது எல்லோருக்கும், அதே வல்லாரையை வறையாக வறுத்துக் கொடுங்கள்.