முப்பதாயிரம் மடல்களும் ஒரு கடலும்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரை ஊர்களில், தூண்டில் இரை விற்கும் கடைகளில் ஒரு வண்ண வரைபடம் இலவசமாகக் கிடைக்கும். கரைக்கு அப்பால் விரியும் கடலில் மஞ்சள், கருநீலம், வெளிர்நீலம், இடையிடையே பச்சை. பச்சைக்குள் படகு விடலாம், நீந்தலாம், மூழ்கிப் பார்க்கலாம்; மீன் பிடிக்கக் கூடாது, ஒரு சிப்பியைக்கூட எடுத்து வரக் கூடாது. மஞ்சளில் ஆளுக்கு ஒரு தூண்டில், அதில் ஒரே ஒரு முள். கருநீலத்தில் தூண்டிலுக்குத் தடையில்லை, இழுவை வலைக்குத் தடை. வெளிர்நீலத்தில் இழுவைப் படகும் போகலாம். அங்கங்கே சிறு பொட்டாக இளஞ்சிவப்பு இருக்கும். அங்கே அனுமதியில்லாமல் யாரும் நுழையவே முடியாது. கிரேட் பாரியர் ரீஃப் என்ற பெரும் பவளத்தொடரின் கடல் பூங்கா இது.

இந்த வரைபடத்தில் நிறங்களைவிட என்னை அதிகம் இழுத்தவை கோடுகள். பவளத்திட்டு எதுவும் நேர்கோட்டில் வளர்வதில்லை. பிறையாகவும் வளையமாகவும் சிதறிய தோசைத் துண்டுகளாகவும் கிடக்கும். எல்லைக் கோடுகளோ, கரையை விட்டு விலகியதும், பெரும்பாலும் அட்சரேகை, தீர்க்கரேகைகளோடு ஒட்டி நேராக ஓடுகின்றன. முன்பெல்லாம் எல்லையைத் திட்டின் விளிம்பிலிருந்து இத்தனை மீட்டர் என்று குறித்திருந்தார்கள். அலையடிக்கும் படகில் நின்றுகொண்டு, தண்ணீருக்கு அடியில் விளிம்பு எங்கே தொடங்குகிறது என்று யாரால் சொல்ல முடியும்? ஜிபிஎஸ் கருவியில் தெரியும் எண்ணைப் பார்த்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறோமா அந்தப் பக்கமா என்று யாராலும் சொல்ல முடியும். அந்தக் கோடுகள் மீனுக்காகப் போடப்பட்டவை; ஆனால் படகில் இருப்பவருக்குப் புரியும்படி போடப்பட்டவை.

பூங்காவின் பரப்பு 3,44,400 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய பொதுச்சொத்தை எப்படிப் பங்கிட்டுக் காப்பது என்று 2002, 2003 ஆண்டுகளில் மக்களிடம் கேட்டார்கள். 31,000க்கும் மேற்பட்ட மடல்கள் வந்தன. அவை அரசு மரியாதைக்காகக் கேட்டு அலமாரியில் அடுக்கிய காகிதங்கள் அல்ல. அந்த மடல்கள் இல்லாமல் அறிவியலே அந்தக் கணக்கை முடித்திருக்க முடியாது.

கேட்கும் வழக்கம் திடீரென்று வந்ததல்ல. 1967இல் இன்னிஸ்ஃபெயில் ஊருக்கு எதிரே உள்ள எலிசன் என்ற திட்டைத் தோண்டிச் சுண்ணாம்பு எடுத்து, கரும்பு வயல்களுக்கு உரமாக்க ஒருவர் அனுமதி கேட்டார். பவளம் செத்துப்போயிற்று, இனி அது வெறும் சுண்ணாம்புக் குவியல்தான் என்பது வாதம். ஜூடித் ரைட் என்ற கவிஞரும், ஜான் பூஸ்ட் என்ற ஓவியரும், லென் வெப் என்ற காட்டுச் சூழலியலாளரும் எதிர்த்து நின்றார்கள். எடி ஹெகர்ல் தலைமையில் இளைஞர்கள் சிலர் அந்தத் திட்டில் மூழ்கி, அங்கே வாழும் பவளங்களையும் மீன்களையும் பட்டியலிட்டு வந்து விசாரணையில் வைத்தார்கள். அனுமதி மறுக்கப்பட்டது. செத்ததாகச் சொல்லப்பட்ட திட்டு உயிரோடு இருக்கிறது என்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர்கள் பொதுமக்கள்தான். அடுத்து எண்ணெய் எடுக்கும் திட்டங்கள் வந்தன, அவற்றையும் எதிர்த்தார்கள். அந்தப் போராட்டங்களின் விளைச்சலாக 1975இல் பூங்காவுக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. மண்டலத் திட்டம் தயாரிப்பதற்கு முன் ஒரு முறையும், வரைவு தயாரான பின் மறுமுறையும் மக்கள் கருத்தைக் கேட்டே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே எழுதி வைத்தார்கள்.

சட்டம் வந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகும், மீன்பிடிக்கு மூடப்பட்ட பச்சைப் பகுதி மொத்தப் பூங்காவில் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இருந்ததும் பெரும்பாலும் பவளத்திட்டுகளின் மேல்தான். இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. பெரும் பவளத்தொடர் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அந்தப் பூங்காவில் பவளத்திட்டுகளின் பரப்பு ஏறத்தாழ 7 விழுக்காடுதான். மிச்சமெல்லாம் மணல்தரை, சேற்றுத்தரை, கடற்பஞ்சுத் தோட்டங்கள், சுண்ணாம்புப் பாசி மேடுகள், கண்டத்திட்டின் ஆழச் சரிவுகள். கரையோரக் கடற்புல் வெளிகளில் ஆவுளியா மேய்கிறது. நம் பாக் நீரிணையில் மேயும் அதே கடற்பசு. கண்ணுக்கு அழகான ஏழு பங்கைக் கொஞ்சம் காத்துவிட்டு, அதற்குச் சோறு போடும் தொண்ணூற்று மூன்று பங்கை விட்டுவிட்டோம் என்பது 1990களின் இறுதியில் தெளிவாயிற்று.

ஆகவே முதலில் கடலை வகை பிரித்தார்கள். ஆழம், அலை, நீரோட்டம், தரையின் தன்மை, எங்கே என்ன உயிர் வாழ்கிறது என்ற தரவுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, வாழ்நாளெல்லாம் அந்தக் கடலில் ஆய்வு செய்த அறிஞர்கள் உட்கார்ந்து 70 உயிர்மண்டலங்களை வரைந்தார்கள். 30 பவளத்திட்டு வகை, 40 பிற வகை. பிறகு விதிகள் வகுத்தார்கள். ஒவ்வொரு உயிர்மண்டலத்திலும் குறைந்தது 20 விழுக்காடு பச்சையாக வேண்டும். ஒரு திட்டை எடுத்தால் முழுதாக எடுக்க வேண்டும், பாதியாக வெட்டக் கூடாது. ஒரு புயலில் எல்லாமே அழிந்துவிடாதபடி ஒரே வகையைப் பல இடங்களில் காக்க வேண்டும். இயன்றவரை ஒவ்வொரு பச்சைப் பகுதியும் குறுக்களவில் 20 கிலோமீட்டராவது இருக்க வேண்டும். கரையோரத்துக்கு மட்டும் சற்றுத் தளர்வு. பகுதி சிறிதாக இருந்தால், உள்ளே வாழும் பெரிய மீன் இரை தேடிப் போகிற போக்கில் கோட்டைத் தாண்டித் தூண்டிலில் மாட்டிவிடும்.

விதிகள் சரி. எந்த இடத்தைப் பச்சையாக்குவது? பூங்காவை 17,000க்கும் மேற்பட்ட துண்டுகளாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் காப்பது, விடுவது என்று இரண்டே வழி. ஆனால் மொத்தச் சேர்க்கைகளை எண்ணினால் வருவது ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண். நாம் காணக்கூடிய அண்டத்தில் உள்ள அணுக்கள் அனைத்தையும் எண்ண ஏறத்தாழ 80 இலக்கங்கள் போதும். எல்லாச் சேர்க்கையையும் சோதித்துப் பார்க்க எந்தக் கணினிக்கும் ஆயுள் பத்தாது.

இயன் பால், ஹியூ போசிங்ஹாம் ஆகியோர் உருவாக்கிய மார்க்ஸான் என்ற மென்பொருள் இங்கே உதவிக்கு வந்தது. அதன் உத்தி கொல்லுப்பட்டறையிலிருந்து வந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சட்டென்று தண்ணீரில் முக்கினால் அணுக்கள் அலங்கோலமாக உறைந்துபோகும். மெல்ல ஆறவிட்டால் ஒவ்வொன்றும் தனக்கு வாகான இடத்தைத் தேடி அமரும். மென்பொருளும் தொடக்கத்தில் சூடாக இருக்கிறது. ஒரு துண்டைச் சேர்க்கும், ஒன்றை நீக்கும், மோசமான மாற்றத்தையும் சில நேரம் ஏற்கும். போகப்போகக் கண்டிப்பு கூடும். கடைசியில் நல்ல மாற்றத்தை மட்டுமே ஏற்கும். இப்படித் திரும்பத் திரும்ப ஓட்டினால், முழுமையான ஒரே விடை கிடைக்காது. விதிகளுக்குப் பொருந்துகிற பல விடைகள் கிடைக்கும்.

பல விடைகள் உண்டு என்பதில்தான் மக்களுக்கு இடம் பிறக்கிறது. இந்தச் சேற்றுத்தரைக்குப் பதில் அதே வகையான அந்தச் சேற்றுத்தரையைக் காத்தாலும் உயிரியல் கணக்கு நேராகிவிடும். அப்படியானால் யாருக்கும் இழப்புக் குறைவான இடத்தைத் தேர்ந்தெடுக்கலாமே. எது இழப்புக் குறைவான இடம்? மென்பொருளுக்குத் தெரியாது. வணிக மீன்பிடிப் படகுகளுக்குப் பதிவேடு இருந்தது, அதுவும் அகன்ற கட்டங்களில். ஒரு தாத்தா ஞாயிற்றுக்கிழமைதோறும் பேரனை அழைத்துப்போய் நங்கூரமிடும் இடம் எது, தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும்போது சிறு படகுகள் ஒதுங்கி மீன் பிடிக்கும் மறைவு எது, எந்தத் திட்டுக்கு எந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகப் போகிறது: இவை எந்தத் துணைக்கோளின் கண்ணுக்கும் படாதவை. அவர்கள் சொன்னால்தான் உண்டு.

2002இல் முதல் சுற்றில் பத்தாயிரத்துக்குச் சற்றுக் கூடுதலான மடல்கள் வந்தன. வரைபடத்தில் வட்டம் போட்டு, அம்புக்குறி இட்டு, ஊரார் மட்டும் அறிந்த பெயர்களை ஓரத்தில் எழுதி அனுப்பியவர்கள் ஏராளம். அந்த வட்டங்கள் கணினி வரைபடத்தில் ஏற்றப்பட்டன. ஒரே வாசகம் அச்சிட்ட படிவங்களும் கட்டுக்கட்டாக வந்தன. இது வாக்கெடுப்பு அல்ல என்பதில் திட்டக்குழு உறுதியாக இருந்தது. ஆயிரம் பேர் கையெழுத்திட்ட "வேண்டாம்" ஒரே ஒரு கருத்துத்தான். ஒரு தனி மனிதர் இந்தக் குடாவின் வடக்கு முனையை விட்டுவிட்டுத் தெற்கைக் காத்தால் என்ன என்று காரணத்தோடு எழுதினால் அது ஒரு கோட்டையே நகர்த்தும். 2003இல் வரைவு வெளியானதும் 21,000க்கும் மேற்பட்ட மடல்கள் வந்தன. வரைவிலிருந்த பச்சைப் பகுதிகளில் பெரும்பாலானவை ஏதோ ஒரு விதத்தில் மாற்றம் கண்டன. அத்தனை மாற்றத்துக்குப் பிறகும், 2004 ஜூலை 1 அன்று திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, பூங்காவில் 33 விழுக்காடு பச்சையாயிற்று.

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது பொய். கூட்டங்களில் கொதிப்பு இருந்தது. நல்ல மீன் இடத்தைச் சொன்னால் அதையே மூடிவிடுவார்கள் என்று பயந்து வாயைத் திறக்காதவர்கள் இருந்தார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பிழைப்பை இழந்தவர்களுக்கும் தொழில் நொடித்தவர்களுக்கும் அரசு கொடுத்த உதவித்தொகை, முதலில் மதிப்பிட்டதைவிடப் பல மடங்கு பெருகி 20 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டிற்று. இழப்பின் கணக்கை மடல்கள் எடுத்துத் தந்தன என்றேன். முழுதாக எடுத்துத் தரவில்லை. அந்தக் கடலோடு ஆயிரக்கணக்கான ஆண்டு உறவுள்ள தொல்குடிக் குழுக்கள் ஏறத்தாழ 70 உண்டு. குறித்த தேதிக்குள் எழுதி அனுப்பு என்ற முறை, மூத்தோர் கூடிப் பேசி முடிவெடுக்கும் அவர்கள் மரபுக்குப் பொருந்துவதாக இல்லை. ஆமை, ஆவுளியா வேட்டை பற்றி அவர்களோடு தனி உடன்படிக்கைகள் போடும் வழி பிறகுதான் வந்தது. முதல் உடன்படிக்கை 2005இல்.

விளைவு விரைவாகவே தெரிந்தது. அங்கே மீனவர்கள் தேடிப் போகும் மீன் ஒன்று உண்டு. நம் களவாவின் உறவு, சிவப்பு உடலில் நீலப் புள்ளி, அதனால் பவளக் களவா என்று சொல்லிக்கொள்ளலாம். திட்டம் வந்து ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்குள் ஆய்வு செய்த பகுதிகளில் பெரும்பாலானவற்றில் பச்சைக்குள் அதன் எண்ணிக்கை 31 முதல் 75 விழுக்காடு வரை கூடியிருந்தது. ஆனால் கோடு தடுக்கக்கூடியது தூண்டிலையும் வலையையும் மட்டுமே. கடல் சூடேறும்போது பச்சைக்குள்ளும் பவளம் வெளிறும். 2016, 2017, 2020, 2022, 2024 என்று வெளிறல் அடுத்தடுத்து வந்தது. இதற்கான மருந்து அந்த வரைபடத்தில் இல்லை. அதைக் கேட்க வேண்டிய கூட்டம் அந்தக் கரை ஊர்களைவிட மிகப் பெரியது.

தொடரின் தெற்கே கெப்பல் தீவுகள் 2006இலேயே வெளிறலில் அடிபட்டவை. அந்தத் தீவுகளைச் சுற்றி ஓர் ஆய்வுக்குழு பவளக் களவாவையும் சங்கரா இனத்து மீன் ஒன்றையும் பிடித்து, துடுப்பில் ஒரு சிறு துணுக்கு வெட்டிக்கொண்டு தண்ணீரில் விட்டது. குஞ்சுகளிடமிருந்தும் மாதிரி எடுத்தது. மரபணுவை வைத்து எந்தக் குஞ்சுக்கு எது தாய், எது தகப்பன் என்று பொருத்திப் பார்த்தது. 2012இல் முடிவு வெளியாயிற்று. அங்குள்ள திட்டுகளில் பச்சை 28 விழுக்காடுதான்; ஆனால் அந்த வட்டாரத்தில் வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறத்தாழப் பாதி பச்சைக்குள் வாழும் மீன்களின் வாரிசுகள். கண்ணாடி போன்ற உடலோடு நீரோட்டத்தில் மிதந்து, 30 கிலோமீட்டருக்குள் கிடைத்த திட்டில் ஒட்டியவை. அவற்றில் பல கோட்டைத் தாண்டி, தூண்டில் போடலாம் என்று விடப்பட்ட பகுதிக்குள் வந்து தங்கி வளர்ந்துகொண்டிருந்தன.