ஞாபகசக்தி மாத்திரை யாருக்கு வேலை செய்யும்?

பொதுத்தேர்வு நெருங்கினால் போதும், மெடிக்கல் ஷாப் அலமாரியில் வல்லாரை, பிரம்மி, மல்டிவிட்டமின் டப்பாக்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். பிள்ளைக்கு ஒன்று வாங்கப்போகும் அப்பா, ‘எனக்கும் மறதி ஜாஸ்தியாகிவிட்டது’ என்று தனக்கும் ஒன்று வாங்கிவருவார். பிள்ளையைவிட அப்பாவுக்குப் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். அதுவும் அவர் உடலில் வைட்டமின் பி12 குறைந்திருந்தால்தான்.

நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையைக் காக்க பி12 வேண்டும். அது குறைந்தால் சோர்வு, எரிச்சல், மனச்சோர்வு, மறதி, பாதத்தில் மதமதப்பு எல்லாம் வரும். வயதானவர்களிடம் இது டிமென்ஷியா போலவே தெரியும். சீக்கிரம் கண்டுபிடித்து ஊசியோ மாத்திரையோ கொடுத்தால் பலர் தேறிவிடுகிறார்கள். நமக்குத் தேவை நாளொன்றுக்கு இரண்டரை மைக்ரோகிராம்கூட இல்லை. ஆனால் பருப்பிலும் காய்கறியிலும் அது கிடையாது. மீன், முட்டை, இறைச்சி, பால், தயிரில்தான் உண்டு. சைவத்துக்காரர்கள் ஸ்பைருலினாவை நம்புவதில் பயனில்லை. அதில் பெரும்பாலும் இருப்பது நம் உடலுக்கு உதவாத போலி பி12.

அசைவம் சாப்பிடுகிறவர்களும் தப்புவதில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல் என்று ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் பி12 உடலில் சேர்வது குறையும். கல்லீரலில் சில ஆண்டுகளுக்கான சேமிப்பு இருப்பதால் பற்றாக்குறை மெதுவாகத்தான் தலைகாட்டும். இதைப் பார்க்காமல் ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டால் ரத்தசோகை சரியானதுபோல் தோன்றும். நரம்புச் சேதமோ உள்ளுக்குள் தொடரும்.

குறைபாடே இல்லாதவருக்கு? அமெரிக்காவில் 50 வயதைக் கடந்த 18,353 பேரில் பாதிப் பேருக்கு தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி, மீதிப் பேருக்குச் சத்தில்லாத போலி மாத்திரை என்று சுமார் ஐந்து ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வில் வித்தியாசமே இல்லை என்று 2020-இல் முடிவு வெளியானது. ஜின்கோ இலைச்சாறும் அப்படித்தான். 3,069 முதியவர்களிடம் நடந்த ஆய்வில் அது டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008-இல் தெரிந்தது.

பிரம்மி என்று விற்கப்படும் நீர்ப்பிரமிக்குக் கொஞ்சம் ஆதரவு உண்டு. சுமார் 12 வாரம் சாப்பிட்டவர்களுக்கு, கற்றதை நினைவுகூர்வதில் சிறு முன்னேற்றத்தைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. எல்லாமே சிறிய ஆய்வுகள். ஹால் டிக்கெட் வந்தபிறகு தொடங்கினால் வயிற்றுப்போக்குதான் மிச்சமாகலாம்!

மூலிகைதானே, என்ன செய்துவிடும் என்று இருக்கவும் முடியாது. அமுக்கரா சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். ஐரோப்பியர்கள் மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட், கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைத்துவிடும். நரம்புக்கு நல்லது என்று பி6-ஐ அளவுக்கு மீறி நெடுநாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

ஆகவே தொடர்ந்து மறதியோ மனத்தளர்ச்சியோ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். பி12, தைராய்டு, ஹீமோகுளோபின் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். சாப்பிடும் மாத்திரை, சூரணம் எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். டப்பா வாங்கியே தீரவேண்டும் என்றால் லேபிளையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுபவற்றில், மருந்தாகப் பயன்படுத்துவதற்கல்ல என்று அச்சிட்டிருக்கவேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி.