உங்களுக்குத் தெரியுமா? குளிர்கடலும் வெட்சூட்டும்

குளிர்ந்த நீரில் இறங்குபவர்கள் அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டைப் போட்டாலும் உடம்பு நனையத்தான் செய்யும். உள்ளே புகுந்த தண்ணீர் உடல் சூட்டில் வெதுவெதுப்பாகி நம்மைக் காக்கிறது என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் காப்பது, நியோபிரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் கோடிக்கணக்கான வாயுக் குமிழ்கள். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். அந்தத் தண்ணீருக்கும் தோலுக்கும் நடுவே குமிழ்கள்தாம் அரண்.

இதை முதலில் தெளிவாகக் கண்டவர் ஹியூ பிராட்னர். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த அமெரிக்க இயற்பியலாளர். கடற்படை முக்குளிப்பாளர்களின் குளிரைப் போக்க வழி தேடியபோது, 1951-ல் இந்த முடிவுக்கு வந்தார்: குமிழ்கள் வெப்பத்தைப் பிடித்து வைத்தால் போதும், உடம்பு உலர்ந்திருக்க வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் அலைச்சறுக்கு வீரர்களிடையே வெட்சூட்டைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ஜாக் ஓ’நீல்.

உடையின் மேல் 4/3 என்று போட்டிருந்தால், மார்பிலும் முதுகிலும் 4 மி.மீ. தடிமன், கை கால்களில் 3 மி.மீ. என்று பொருள். உடலின் நடுப்பகுதி சூடாக இருக்கவேண்டும், தோளும் முழங்காலும் தடையின்றி மடங்கவேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

எந்தத் தண்ணீருக்கு எது? அலைச்சறுக்குக்குப் பொதுவான கணக்கு இது: 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் மெல்லிய மேல்சட்டையோ அரைக்கை, அரைக்கால் வெட்சூட்டோ போதும். 18 முதல் 23 வரை 3/2. 14 முதல் 17 வரை 4/3. அதற்கும் கீழே 5/4, கூடவே காலுறை, கையுறை, தலைமூடி. 8 டிகிரியை நெருங்கினால் 6 மி.மீ., அல்லது தண்ணீரே புகாத டிரைசூட். ஒல்லியானவர்களும் குழந்தைகளும் சீக்கிரம் குளிர்ந்துவிடுவார்கள். அவர்களுக்கு ஒரு படி தடிமனாக எடுப்பதே நல்லது. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென விழுந்தால் மூச்சு தன்னிச்சையாகத் திணறும்; நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அந்த முதல் சில நிமிடங்களில் மூழ்கியிருக்கிறார்கள்.

காற்று உருளையோடு ஆழத்தில் மூழ்கும் ஸ்கூபாவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. குமிழ்கள் ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கும், அரணும் மெலியும். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. அதோடு, கோடையில் ஆழமான ஏரியின் மேற்பரப்பு 20 டிகிரி இருக்கும்போதே, சில மீட்டர் கீழே சட்டென்று 10-க்கும் கீழே போய்விடலாம். எனவே இறங்கப்போகும் ஆழத்து வெப்பநிலையைக் கேட்டுத்தான் முக்குளிப்பவர் உடை எடுக்க வேண்டும்.

அளவு தப்பினால் தடிமன் வீண். இடுப்பிலும் அக்குளிலும் தொளதொளவென்று இருந்தால், ஒவ்வொரு அசைவிலும் குளிர்ந்த நீர் உள்ளே வந்து வெதுவெதுப்பை அடித்துக்கொண்டு போகும். தையலையும் பாருங்கள். ஊசி இருபக்கமும் துளைத்த தையல் வெதுவெதுப்பான கடலுக்கு மட்டும் சரி. குளிர்நீருக்கு, ஓரங்களைப் பசையால் ஒட்டி, ஊசி மறுபக்கம் வராமல் தைத்ததே வேண்டும்.

வெட்சூட் உடலின் பழக்கத்தையே மாற்றியதும் உண்டு. தென்கொரியாவின் ஜேஜு தீவில் ‘ஹேன்யோ’ என்ற பெண்கள், காற்று உருளை இல்லாமல், மூச்சடக்கி மூழ்கிச் சங்கும் கடலட்டையும் எடுப்பவர்கள். இந்த மரபை 2016-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. குளிர்காலத்திலும் பருத்தி உடையில் மூழ்கிய கொரிய முக்குளிப்புப் பெண்களை 1960-களில் ஆராய்ந்த விஞ்ஞானிகள் வியந்தார்கள்: குளிர்காலத்தில் அவர்களது உடல் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கியது, மற்றவர்களைவிடக் குளிர்ந்த நீரில்தான் நடுக்கமே தொடங்கியது. 1970-களில் அவர்களிடமும் வெட்சூட் வந்தது. நிமிடக் கணக்கில் முடிந்த வேலை மணிக்கணக்கில் நீண்டது. ஆனால் சில ஆண்டுகளிலேயே குளிர்தாங்கும் அந்த அரிய தன்மை அவர்களிடமிருந்து மறைந்துவிட்டதை மறு ஆய்வுகள் காட்டின. ஒரு ரப்பர் உடையால் மனித உடலின் பழக்கம் இவ்வளவு மாறும் என்பது எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

குமிழ்கள் உடலை மிதக்கவும் வைக்கும், வேகம் கூடும். அதனால்தான் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டிகளில் 5 மி.மீ.க்கு மேல் அனுமதி இல்லை, நீர் குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் வெட்சூட்டுக்கே தடை. ஆங்கிலக் கால்வாய் நீச்சலின் மரபு விதி இன்னும் கடுமை: கோடையிலும் 15 முதல் 18 டிகிரியே இருக்கும் நீரை வெறும் நீச்சலுடையில்தான் கடக்கவேண்டும். 1994-ல் தமிழகச் சிறுவன் குற்றாலீஸ்வரன் கடந்தது அந்தக் கால்வாயைத்தான்.

பழைய வெட்சூட் வாங்குகிறீர்களா? முழங்கால் பகுதியையும் உட்காரும் பகுதியையும் விரலால் அழுத்திப் பாருங்கள். பலமுறை ஆழத்துக்குப் போய்வந்த உடையில் குமிழ்கள் நசுங்கி, மறுபடி உப்பாது. அட்டையில் 5 மி.மீ. என்றிருந்தாலும், அந்தத் தடிமனுக்குரிய வெப்பத்தை அது தராது.