கோச்சுக்காகக் கொதித்தது ஊர்... குழந்தைகளை யார் கேட்டார்கள்?

மூட்டு வலிக்காக மாதம் ஒருமுறை என்னிடம் வருகிற பெரியவர் ஒருவர். ரிடையர்டு ஹெட்மாஸ்டர். போன தடவை வந்தபோது, நாடி பார்க்கக் கையை நீட்டிக்கொண்டே ஒரு படக் கதையை ஆரம்பித்துவிட்டார். அல் பசினோ நடித்து 2018-ல் வந்த 'பாட்டர்னோ' என்ற இங்கிலீஷ் படம். நிஜத்தில் நடந்த கதை.

"84 வயசு மனுஷன், டாக்டர். 61 வருஷம் ஒரே இடத்துல உழைச்சவர். ராத்திரி நேரத்துல ஒரு சீட்டுல போன் நம்பரை எழுதிக் கொடுத்தனுப்பி, பேசச் சொல்லி, போன்லயே வேலை போச்சுன்னுட்டாங்க. எவனோ ஒருத்தன் செஞ்ச அசிங்கத்துக்கு இவர் என்ன பண்ணுவார்? ஊரே தெருவுக்கு வந்துடுச்சு. வராதா பின்னே?"

கூட வந்திருந்த பேரன், ஏழாம் கிளாஸ் படிக்கிறவன், என் எடை மெஷின் மேல் ஏறி இறங்கி விளையாடிக்கொண்டிருந்தான். சட்டென்று கேட்டான்: "அந்த அசிங்கம் யாருக்குத் தாத்தா நடந்துச்சு?"

"பெரியவங்க பேசறப்போ நடுவுல பேசாதே" என்றார் தாத்தா.

பையன் மறுபடி மெஷினில் ஏறிக்கொண்டான். அவனுக்குக் கிடைக்காத அந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்டேட் காலேஜ் என்று ஓர் ஊர். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம்தான் அந்த ஊருக்கு உயிர். அங்கே ஃபுட்பால் என்றால் நம்ம ஊர் கால்பந்து இல்லை; பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம். அந்த டீமுக்கு 1966 முதல் தலைமை கோச் ஜோ பாட்டர்னோ. 409 வெற்றிகள். "விளையாடினால் போதாது, பட்டம் வாங்க வேண்டும்" என்று பையன்களைப் படிக்க வைத்தவர். தன் காசை லைப்ரரிக்குக் கொடுத்தவர். ஸ்டேடியத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலையே வைத்திருந்தார்கள்.

அவரிடம் பல வருஷம் உதவி கோச்சாக இருந்தவர் ஜெர்ரி சாண்டஸ்கி. 1977-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக 'செகண்ட் மைல்' என்று தர்ம ஸ்தாபனம் ஆரம்பித்தவர். பெரிய உபகாரி என்று பேர். அந்த ஸ்தாபனத்துக்கு வந்த பையன்களில் இருந்தே தேர்ந்தெடுத்து, மேட்சுக்கு டிக்கெட், பரிசுப் பொருள் என்று கொடுத்துப் பழக்கி, பாலியல் கொடுமை செய்தார் என்பது 2011 நவம்பரில் வெளியே வந்தது. 2012 ஜூனில் 45 குற்றச்சாட்டுகள் நிரூபணமாகி, 30 முதல் 60 வருஷம் சிறை. வழக்கில் இருந்த பையன்கள் பத்துப் பேர்.

இது யாருக்கும் தெரியாமல் நடந்ததா? இல்லை என்பதுதான் வயிற்றைக் கலக்குகிற விஷயம். 1998-ல் ஒரு தாய், 11 வயசு மகன் தலை ஈரத்தோடு வீட்டுக்கு வந்ததைப் பார்த்து, "ஏன்டா தலை ஈரமா இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். சாண்டஸ்கியோடு ஷவரில் குளித்ததாகப் பையன் சொன்னான். போலீஸ் வரை போனாள். விசாரணை நடந்தது, வழக்கு போடவில்லை. 2001-ல் பல்கலைக்கழகத்தின் ஷவர் அறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு ஓர் இளம் உதவியாளர் பார்த்துவிட்டு, மறுநாளே பாட்டர்னோ வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பாட்டர்னோ தன் மேலதிகாரிகளுக்குச் சொன்னார். போலீசுக்கு யாரும் சொல்லவில்லை. சட்டப்படி பாட்டர்னோ மீது வழக்கு எதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்று கடைசியில் அவரே வருத்தப்பட்டார்.

2011 நவம்பர் 9-ம் தேதி இரவு, நிர்வாகக் குழு அவரையும் பல்கலைக்கழகத் தலைவரையும் நீக்கியது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். விளக்குக் கம்பங்களைச் சாய்த்தார்கள். டி.வி. செய்தி வேன் ஒன்றைப் புரட்டிப் போட்டார்கள். போலீஸ் மிளகுப்பொடி ஸ்பிரே அடித்துக் கலைக்க வேண்டியதாயிற்று. கோஷமெல்லாம் 'ஜோ'வுக்காக. இத்தனைக்கும், வீட்டு வாசலில் கூடியவர்களிடம் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்று சொன்னது அதே பாட்டர்னோதான்!

அந்த மாணவர்களெல்லாம் கெட்டவர்களா? அப்படிச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதே ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றி, அந்தப் பையன்களுக்காக நின்றார்கள். மறுநாள் மேட்சில் இரண்டு டீமும் மைதான நடுவில் மண்டியிட்டார்கள்.

ஆனால் முதல் ராத்திரி ஏன் அப்படி நடந்தது? வைத்தியன் என்ற முறையில் எனக்குப் படுவதைச் சொல்கிறேன். அப்பா ஸ்தானத்தில் வைத்திருக்கும் ஒருவரைப் பற்றித் தவறாகக் கேட்டால், மனசு முதலில் அதைத் தள்ளிவிடும். குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், "ரிப்போர்ட் மாறிப் போயிருக்கும் டாக்டர்" என்று சொல்வார்களே, அதே மாதிரி. அவர் தவறு செய்தார் என்றால் நாம் கைதட்டிய வருஷங்களும் சேர்ந்து அல்லவா கறைபடும்!

இன்னொரு காரணமும் உண்டு. பையன்களின் நன்மைக்காக அவர்கள் பெயரை மறைத்து, 'ஒன்றாம் நபர்', 'இரண்டாம் நபர்' என்று நம்பர் போட்டிருந்தார்கள். அது சரியான காரியம். ஆனால் ஜனங்களின் கண்ணுக்குத் தெரிந்தது தடித்த கண்ணாடி போட்ட அந்த ஒரு முகம்தான். நம்பருக்காக யார் அழுவார்கள்?

அந்த நம்பர்களெல்லாம் உயிருள்ள பிள்ளைகள். அதே பக்கத்து ஊர்களில் இருந்தவர்கள். டி.வி. பார்த்தவர்கள். ஒருவன், தொல்லை தாங்காமல் பள்ளிக்கூடத்தையே விட்டு விலக வேண்டி வந்தது. இன்னும் வாயே திறக்காத பிள்ளைகளும் எத்தனையோ இருந்திருக்கும். ஒரு வேன் புரண்டு கிடப்பதைப் பார்க்கிற அந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? 'நான் சொன்னால் இதுதான் நடக்கும்.'

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கிறதா என்று யோசித்தேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் பாளையங்கோட்டையில் படிப்பு முடித்து வந்து, வைத்தியம் ஆரம்பித்த புதிது. ஒன்பது வயசுப் பையனை வயிற்று வலி என்று கூட்டி வந்தார்கள். சீரகக் குடிநீர், ஓமத் தண்ணீர் கொடுத்தேன். அடுத்த வாரமும் அதே வலி. மூன்றாவது வாரம் படுக்கையில் சிறுநீர் போவதாகவும் சொன்னார்கள். நானும் மருந்தை மாற்றிக்கொண்டே இருந்தேன். வலி செவ்வாய், வியாழன் சாயந்திரம் மட்டும் வருகிறது என்பதை அந்தத் தாய்தான் கண்டுபிடித்தாள். அது விளையாட்டுப் பயிற்சிக்குப் போகிற நாள். என் முன்னாலேயே மெதுவாகக் கேட்டபோது, பையன் ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். இங்கே எழுத வேண்டாம்.

"அவரைப் போயா சொல்றே? உனக்குப் பாதி ஃபீஸ்தானேடா வாங்கறார்!" என்றார் அப்பா.

பையன் தரையைப் பார்த்தான். "சும்மா சொன்னேன்" என்றான்.

எங்கள் வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடியோடு மொழியையும் விழியையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் கண்ணீரும் ஒன்று. எல்லாம் மனப்பாடம் செய்துதான் பாஸ் பண்ணினேன். அன்றைக்கு அந்த விழி என்ன சொன்னது என்று நன்றாகவே புரிந்தது. "பயிற்சியை நிறுத்திடுங்க" என்று அப்பாவிடம் சொன்னதோடு சரி. நிறுத்தினார்கள். அந்த ஆளிடம் போய்க்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகள்? நான் யாரிடமும் சொல்லவில்லை. மேலே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்ட பாட்டர்னோவைக் குறை சொல்லும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

இன்றைக்கு நான் அப்படி ஒதுங்க முடியாது. 2012 நவம்பர் முதல் அமலில் இருக்கும் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். டாக்டர், டீச்சர், பக்கத்து வீட்டுக்காரர், யாராக இருந்தாலும் சரி. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ உண்டு. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மூடி மறைத்தால் ஒரு வருஷம் வரை. "மேலிடத்துக்குச் சொல்லிட்டேன்" என்பது இங்கே சால்ஜாப்பு ஆகாது. பென்சில்வேனியாவிலும் 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அப்படிச் சொல்லக் கடமைப்பட்டவர்கள் நேரடியாகவே புகார் தர வேண்டும் என்று ஆக்கினார்கள். பென் ஸ்டேட்டின் அந்த மூன்று மேலதிகாரிகளும் 2017-ல் தண்டனை பெற்றார்கள். பாட்டர்னோ 2012 ஜனவரியிலேயே நுரையீரல் புற்றுநோயில் காலமாகிவிட்டார். அந்த ஜூலையில் சிலையையும் எடுத்துவிட்டார்கள்.

சரி, வீட்டில் என்ன செய்வது?

குழந்தை ஏதாவது சொன்னால் முதலில் வாயில் வருவது "அவரா? இருக்காதே!" என்பதுதான். நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். "நீ சொன்னது நல்லதும்மா. உன் மேல தப்பில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையாதீர்கள். அத்தை, மாமா என்று கூட்டி வைத்துச் சொல்லச் சொல்லாதீர்கள். அந்த ஆளைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிறுத்துவது கூடவே கூடாது. சமீபத்தில் நடந்தது என்றால், குளிப்பாட்டாமல், போட்டிருந்த துணியைத் துவைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, இலவசமாகச் சிகிச்சை தர மறுக்கக் கூடாது. 1098 என்ற சைல்ட்லைன் நம்பருக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். குழந்தையின் பெயரோ படமோ பத்திரிகையில் வராது. போட்டால் அதுவே குற்றம்.

'சித்த வைத்தியத்தில் இதற்கு லேகியம் இருக்கிறதா?' என்று கேட்டால், இல்லை. தூக்கம் வர, பசி எடுக்க நான் உதவலாம். மனசுக்கு, குழந்தைகளைப் பார்க்கிற மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காரணம் புரியாத வயிற்று வலி, திரும்பி வந்த படுக்கை நனைத்தல், ஒருத்தர் பேரைச் சொன்னாலே முகம் சுருங்குவது, கணக்கில்லாத பரிசுகள் இவையெல்லாம் அடையாளங்கள். வேறு காரணத்தாலும் வரும், பதறிவிட வேண்டாம். ஆனால் எந்தக் கிழமையில் வருகிறது என்று பாருங்கள்.

அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். தைலத்தை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் பேரனைக் கூப்பிட்டார். "என்னமோ கேட்டியே, என்ன அது?"

"எந்தப் பசங்களுக்கு நடந்துச்சுன்னு கேட்டேன்."

"வா, நடந்துக்கிட்டே சொல்றேன்" என்று, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.