ரத்தத்தில் கலக்கும் வஞ்சம்

மாமல்லபுரத்துக் கடலில் 2025 ஆகஸ்டு மாதம் ஆசிய அலைச்சறுக்குப் பந்தயங்கள் நடந்தேறின. செங்கற்பட்டு ஜில்லா மேலக்கோட்டையூரில் உடற்கல்விக்கென்றே ஒரு சர்வகலாசாலை இருக்கிறது. நமது குடும்பத்துப் பிள்ளைகள் பந்தயங்களை நாடும் இக்காலத்தில், அவ்வுலகில் மறைவாக நடமாடும் ரத்த மோசடியைப் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

நெடுந்தூரம் ஓடுவோருக்கும் சைக்கிள் விடுவோருக்கும் பிராணவாயு மிகுதியாக வேண்டும். அதைத் தசைகளுக்குச் சுமந்து செல்பவை ரத்தத்தின் சிவப்பணுக்கள். அவை பெருகினால் களைப்புத் தாமதிக்கும். ஆகவே சிலர் தமது ரத்தத்தை முன்னதாக எடுத்து வைத்து, பந்தயத்துக்குமுன் ஏற்றிக்கொள்கிறார்கள். வேறு சிலர் எரித்ரோபாய்டின் என்னும் மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்கிறார்கள். சிறுநீரக நோயால் ரத்தம் குன்றியவர்களுக்கு வைத்தியர்கள் அளிக்கும் மருந்து அது.

நோயாளிக்கு அமிர்தமானது ஆரோக்கியமுள்ளவனுக்கு நஞ்சாவானேன்? ஆண்களின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் சாதாரணமாக 100க்குச் சுமார் 45 பங்கு. அவை மிகுந்தால் கஞ்சி களியாவதுபோல ரத்தம் தடிக்கும். வியர்வையில் நீர் வற்றவே இன்னும் இறுகும். அது கட்டியாக உறைந்து மூளையில் அடைத்தால் பக்கவாதம். இருதயக் குழாயில் அடைத்தால் மாரடைப்பு. நுரையீரலில் அடைத்தாலும் உயிருக்கே ஆபத்து.

சரிவரப் பாதுகாக்காத ரத்தத்தில் கிருமிகளும் பெருகும். இத்தாலியச் சைக்கிள் வீரர் ரிக்கார்டோ ரிக்கோ 2011இல் கவலைக்கிடமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வீட்டுக் குளிர்ப்பெட்டியில் 25 நாள் வைத்திருந்த தமது ரத்தத்தை ஏற்றிக்கொண்டதாக அவர் வைத்தியரிடம் கூறினார் என்பது குற்றச்சாட்டு. பின்னர் அவர் அதை மறுத்தார்; எனினும் 2012இல் 12 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. அமெரிக்கரான லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பிரான்ஸ் தேசத்துப் பெரும் பந்தயத்தில் பெற்ற ஏழு பட்டங்களையும் அவ்வாண்டே இழந்தார். இவ்விரு முறைகளையும் கையாண்டதை 2013இல் அவரே ஒப்புக்கொண்டார்.

இவை அயல்நாட்டுக் கதைகள் என்று நாம் வாளாவிருக்க இயலாது. 2022இல் நமது தேசத்தில் சோதித்த 3,865 மாதிரிகளில் 125இல் தடைசெய்த பொருள்கள் தென்பட்டன. அவை பலவகை மருந்துகள். ஆனால் குறுக்கு வழியை நாடும் மனம் ஒன்றே. ஊக்கமருந்தைத் தடுக்கும் சட்டத்தை நமது பாராளுமன்றம் நிறைவேற்றியதும் அவ்வாண்டிலேதான்.

சட்டம் பந்தயக் களத்தில் காவல் நிற்கும். வீட்டில் காவல் நிற்க வேண்டியவர்கள் பெற்றோர். பிள்ளை அடிக்கடி களைத்தால் ரத்தசோகை உண்டா என வைத்தியரிடம் காட்டுங்கள். பயிற்சியாளர் ஊசி போடச் சொன்னால் மருந்தின் பெயரையும் அதன் காரணத்தையும் கேளுங்கள். விடை வராவிடில், பதக்கம் போனாலும் போகட்டும் என்று பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.