பிள்ளைக்கு என்ன கொண்டு போவது?

பிள்ளை பிறந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தவுடன் எமது கிண்ணியாப் பெண்களுக்குள் எழும் முதற் கேள்வி, "ராத்தா, நீங்க என்ன கொண்டு போறீங்க?" என்பதுதான். ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைப்பதானாலும், நாற்பதாம் நாளானாலும் வெறுங்கையோடு போக மனம் வருவதில்லை. அன்பினால் கொடுப்பதில் தவறேதும் இல்லை. ஆனால், "அவ என் மகனுக்கு மோதிரம் போட்டா, நான் குறையப் போடலாமா?" என்ற கணக்கு உள்ளே வந்ததும் அன்பு வெளியே போய்விடுகிறது.

ஒரு பவுன் 8 கிராம். 2025ஆம் ஆண்டில் இலங்கையில் பவுன் விலை மூன்று இலட்சம் ரூபாவைத் தாண்டியது. கால் பவுன் மோதிரம் என்றாலே 75,000 ரூபாவுக்கு மேல். கடலுக்குப் போகிறவரின் வீட்டில், வயலில் கூலிக்கு நிற்பவரின் வீட்டில் இந்தப் பணம் எங்கிருந்து வரும்? சொந்தக் காப்பு அடகுக்குப் போகும். அல்லது வாராவாரம் கட்டும் கடன் வரும். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு நுண்கடன் தள்ளுபடியை அரசாங்கம் அறிவித்தபோது அதில் திருகோணமலையும் இருந்தது. அந்தச் சுமையின் பாரம் எமது பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மார்க்கம் என்ன சொல்கிறது? ஏழாம் நாள் பெயர் வைத்து, முடி களைந்து, அதன் நிறைக்கு வெள்ளியை ஸதகா கொடுப்பதும், வசதியிருந்தால் ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடும் பெண் பிள்ளைக்கு ஓர் ஆடும் அகீகா அறுப்பதும் சுன்னத். இவை பெற்றோர் செய்பவை. பச்சைப் பிள்ளையின் முடி எவ்வளவு நிறை இருக்கும்! வருகிறவர்கள் தங்கம் கொண்டுவர வேண்டும் என்று எங்கும் இல்லை. அந்த மோதிரமும் சில வாரங்களில் விரலில் இறுகிவிடும். கழன்று வாய்க்குள் போனால் ஆபத்து.

நுளம்பு வலை கொடுங்கள். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்களைப் பறித்ததையும் பாடசாலைகள் மூடப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. பிள்ளை தூங்குவதும் பகலில்தான். மெல்லிய பருத்தித் துணிகள் எத்தனை இருந்தாலும் போதாது. சட்டை வாங்குவதானால் ஆறு மாத அளவில் வாங்குங்கள். பிறந்த பிள்ளை அளவில் எல்லோரும் கொண்டு வந்து, உடுத்தாமலே பெட்டிக்குள் கிடப்பதை எத்தனை வீடுகளில் பார்க்கிறோம்!

பால்மா டின்னும் பால் போத்தலும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று மிட்வைஃப் சொல்லிவிட்டுப் போன வீட்டில் அவை வேறு பேச்சைத் தொடங்கிவிடும். தேனும் அப்படித்தான், ஒரு வயதுக்கு முன் தேன் கொடுப்பது கடும் நோயை உண்டாக்கலாம். சில சுர்மாக்களில் ஈயம் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. தலையணையும் பஞ்சுப் பொம்மையும் தூங்கும் பிள்ளையின் மூச்சை அடைக்கக் கூடியவை.

பிள்ளையைப் பார்க்கப் போகிற எல்லோரும் உம்மாவை மறந்துவிடுகிறார்கள். முன்பக்கம் திறக்கும் பருத்திச் சட்டை இரண்டு அவளுக்கு எவ்வளவு உதவும்! கையில் காசில்லாதவர், ஒரு நாள் பகல் சோறும் மீன் ஆணமும் ஆக்கிக் கொண்டு போகலாம். மூத்த பிள்ளைகளைப் பின்னேரம் வரை தம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மச்சிமார் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே வலையை வாங்குவதானால், யார் எவ்வளவு போட்டார் என்று கொப்பியில் எழுத வேண்டாம்.