வயிற்றைத் திறந்து பார்த்த காலம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் பேருந்து இன்று கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துதான் போகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை ஓடத் தொடங்குவதற்கு முன்பு, இந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஏரியும் நெல்லும்தான் கணக்கு. பிள்ளைக்குக் கழுத்தில் நெறி கட்டினால் முதலில் பற்றுப் போட்டுப் பார்ப்பார்கள். கரையாவிட்டால் காஞ்சிபுரம், அதற்கும் மேலே என்றால் அடையாறு. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அங்கே இருந்தது.

நிணநீர்ப் புற்று என்று தெரிந்த பிறகு, அது எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 1971இல் ஆன் ஆர்பர் மாநாடு வகுத்த நான்கு நிலைகள் இதை உதரவிதானத்தை வைத்துப் பிரித்தன: நோய் அதற்கு ஒரே பக்கத்திலா, இரு பக்கத்திலுமா? கழுத்தையும் அக்குளையும் கை தடவிப் பார்த்துவிடும். மார்பை எக்ஸ்ரே காட்டிவிடும். வயிறுதான் இருட்டு.

அந்த இருட்டுக்குள் போக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கால்விரல் இடுக்கில் நீலச் சாயம் செலுத்தி, புறங்காலைக் கீறி, நூல் பருமன்கூட இல்லாத நிணநீர்க் குழாயைத் தேடி, அதில் எண்ணெய் மருந்தை மெல்ல ஏற்றுவது. மறுநாள் படத்தில் வயிற்று நிணநீர்க் கணுக்கள் வெளுப்பாகத் தெரியும். சிறு பிள்ளையை அத்தனை நேரம் அசையாமல் வைப்பதே பெரும்பாடு. மற்றொன்று, வயிற்றையே திறப்பது. 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கி உலகெங்கும் பரவிய முறை அது. மண்ணீரலை எடுத்துவிடுவார்கள், ஈரலிலும் கணுக்களிலும் துண்டெடுப்பார்கள். இதெல்லாம் சிகிச்சை அல்ல, கண்டறிவதற்கு மட்டுமே. பயன் இல்லாமலும் இல்லை: தொடக்க நிலை என்று எண்ணியிருந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வயிற்றுக்குள்ளும் நோய் இருந்தது. ஆனால் மண்ணீரல் இல்லாத பிள்ளையை ஒரு சாதாரண நிமோனியாக் கிருமி ஓரிரு நாளில் கொன்றுவிடக்கூடும். பென்சிலின் மாத்திரை ஆண்டுக்கணக்கில் கூடவே வந்தது.

இன்று பெட் ஸ்கேனுக்குப் பிள்ளை ஆறு மணி நேரம் வெறும் வயிற்றோடு வருகிறது. கையில் ஓர் ஊசி. கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. ஒரு மணி நேரம் படுத்திருக்க வேண்டும், போர்வையோடு. அறை குளிர்ந்தால் கழுத்திலுள்ள பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை இழுத்துக்கொண்டு, நோயைப் போலவே படத்தில் ஒளிரும். அந்தச் சர்க்கரையில் உள்ள ஃபுளூரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். நேரம் தவறாமல் உதிரிபாகம் வர வேண்டிய தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு இந்த அவசரத்தை விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் பெட் ஸ்கேன் முதலில் வந்தது 2002இல், மும்பையில்.

கத்தி போனது மட்டும் லாபமல்ல. நிணநீர்ப் புற்றின் ஹாட்கின் வகையில் எலும்பு மஜ்ஜைக்குக் குத்தும் ஊசியும் பெரும்பாலும் போய்விட்டது. ஐரோப்பாவின் யூரோநெட் ஆய்வில், இரண்டு சுற்று மருந்துக்குப் பின் போதிய பலன் தெரிந்த பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சே கொடுக்கவில்லை. அன்று கதிர்வீச்சில் பிழைத்த சிறுமிகளில் பலருக்கு முப்பது, நாற்பது வயதில் மார்பகப் புற்று வந்ததை நினைத்தால், இதன் அருமை புரியும்.

இழந்தது சிறியதுதான், ஆனாலும் சொல்ல வேண்டும். அந்த எண்ணெய் மருந்து கணுக்களில் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். நோய் சுருங்குகிறதா என்று பார்க்க ஒரு சாதா எக்ஸ்ரே போதும். இப்போது ஒவ்வொரு தடவையும் பெட் ஸ்கேன், ஒவ்வொரு தடவையும் பல ஆயிரம் ரூபாய். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கும் தொழிலாளியின் பிள்ளைக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அந்த வரம்பைச் சற்றே தாண்டிய சம்பளத்துக்குச் சேர்ந்தவர் வேறு வழி தேட வேண்டும்.

மாறாதது ஒன்று இருக்கிறது. பெட் ஸ்கேனில் காசநோய்க் கட்டியும் புற்றுக் கட்டியும் ஒன்றுபோலத்தான் ஒளிரும். துண்டெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அப்படிப் பார்க்காமலே டிபி மாத்திரை கொடுத்து மாதங்களைக் கழிப்பது அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. பிள்ளையின் கழுத்தில் வலியில்லாத கட்டி நான்கு வாரத்துக்கு மேலும் கரையாமல் இருந்தால், துண்டெடுத்துப் பார்த்தீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள்.